புல்வெட்டும் இயந்திரம் சமமாக வெட்டவில்லையா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை விழுந்தால் வன்னியில் புல்லுக்கு வெறி பிடித்துவிடும். கார்த்திகை முதலாம் கிழமைக்குள் சேமக்காலையை, அதாவது கல்லறை நிலத்தை, துப்புரவாக்க வேண்டும். மழை ஓய்ந்த கையோடு இல்ல மெய்வல்லுநர் போட்டிக்காகப் பாடசாலை மைதானத்தை வெட்ட வேண்டும். இடையில் கோயில் வீதி, வைத்தியசாலை முன்றில், வீட்டு வளவு. ஏ9 வீதியோரமாகச் சிறு இயந்திரங்கள் திருத்தும் எங்கள் பட்டறைக்கு இந்த மாதங்களில் புல்வெட்டும் இயந்திரங்கள் வரிசையாக வரும். கொண்டுவருபவர்கள் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான். ஆகையால் பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

இங்கே பெரும்பாலும் பேசப்போவது, சில்லு பூட்டித் தள்ளிக்கொண்டு போகும் பெற்றோல் இயந்திரத்தைப் பற்றி. அதன் அடியில் கவிழ்த்த தாச்சி போல ஒரு கூடு இருக்கும். கூட்டின் நடுவே செங்குத்தாக இறங்கும் தண்டில் பிளேட் பூட்டப்பட்டிருக்கும். தோளில் மாட்டும் இயந்திரமும் உருளை இயந்திரமும் கடைசியில் வரும்.

வெட்டிய பிறகு மைதானம் வரி வரியாக, படி படியாகத் தெரிகிறது. பிழை இயந்திரத்திலா, நிலத்திலா?

பட்டறைக்கு ஏற்றுவதற்கு முன் மைதானத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம். பிழையாகத் தெரியும் இடத்தில் இயந்திரத்தை எதிர்த்திசையில் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். வடக்கே போனபோது இடது கைப்பக்கம் தாழ வெட்டியது, தெற்கே திரும்பி வரும்போதும் இடது கைப்பக்கமே தாழ வெட்டுகிறது என்றால் குற்றம் இயந்திரத்தில். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதே நிலத்துண்டுதான் மொட்டையாகிறது என்றால் குற்றம் நிலத்தில்.

எங்கள் பக்கத்து மைதானங்களில் பாதிக்குமேல் நிலத்தின் குற்றம்தான். மாரியில் கட்டாக்காலி மாடுகள் சேற்று மைதானத்துக்குள் இறங்கி நடக்கின்றன. தை, மாசி வெயிலில் அந்தக் குளம்படிகள் அப்படியே காய்ந்து கல்லாகிவிடுகின்றன. பிறகு புற்று எழும்பும். இந்த நிலத்தில் எந்த விலையுயர்ந்த இயந்திரம் ஓடினாலும் ஒரு சில்லு குழிக்குள் இறங்கும், மறுபக்கம் புல்லின் அடி தெரிய வெட்டுப்படும். இதற்கு மருந்து பிளேட்டில் இல்லை. குழிகளுக்கு மண் போட்டு, நிலம் ஈரம் காய்ந்தும் காயாமலும் இருக்கும் பருவத்தில் உருளை ஓட்டுங்கள். முதல் வேலையாக மைதானத்துக்கு ஒரு படலை போடுங்கள்.

பிளேட்டைச் சாணை பிடித்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

வருபவர்களில் அரைவாசிப் பேர் பிளேட்டை மட்டும் கழற்றிப் பழைய சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து, "அண்ணை, இதை ஒருக்கால் சாணை பிடித்துத் தாருங்கள், மைதானம் மேடும் பள்ளமுமாக வெட்டுகிறது" என்கிறார்கள். பிளேட் கூராகி மைதானத்துக்குத் திரும்பும். அடுத்த கிழமை அதே மேடு, அதே பள்ளம்.

மழுங்கிய பிளேட்டின் அடையாளம் வேறு. அது புல்லை வெட்டுவதில்லை, பிய்க்கிறது. வெட்டிய மறுநாள் குனிந்து ஓர் அறுகம் இதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனி நேராக, சுத்தமாக இருந்தால் பிளேட் கூராக இருக்கிறது. நுனி நார் நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் பிளேட் மழுங்கிவிட்டது. இரண்டு மூன்று நாளில் அந்தக் கிழிந்த நுனிகள் காய்ந்து, தூரத்திலிருந்து பார்க்க மைதானம் முழுவதும் வைக்கோல் நிறம் பூசியது போலத் தெரியும்.

ஒரு பக்கம் தாழ்வு, ஒரு பக்கம் உயர்வு, போக்கும் வரவும் சேரும் இடத்தில் படிக்கட்டு போன்ற தோற்றம், இடையிடையே சிலுப்பிக்கொண்டு நிற்கும் புல் ஆகியவற்றுக்குக் கூர் பெரும்பாலும் பொறுப்பில்லை. பிளேட் வளைந்திருக்கலாம், சில்லுகளின் உயரம் மாறியிருக்கலாம், வெட்டு விளிம்புக்குப் பின்னால் மேல்நோக்கி வளைந்து நிற்கும் பகுதியான செட்டை தேய்ந்திருக்கலாம். ஆகவே பிளேட்டை மட்டும் கொண்டுவராதீர்கள், இயந்திரத்தையும் கொண்டுவாருங்கள். அல்லது கீழே சொல்வதுபோல நீங்களே அளந்து பாருங்கள். அடிமட்டம், வெண்கட்டி, தடித்த கையுறை, ஒரு தடி. இவ்வளவும் போதும்.

கூட்டுக்குள் கை வைப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

இயந்திரத்துக்குப் பொறி கொடுக்கும் பிளக்கின் வயரைக் கழற்றி, அந்தப் பிளக்கைத் தொடாதவாறு தூர மடித்து வையுங்கள். இயந்திரத்தை நிறுத்தியாகிவிட்டது, சுவிட்சை மூடியாகிவிட்டது என்பதெல்லாம் போதாது. பிளேட்டைக் கையால் சுற்றினால் இயந்திரத்துக்குள்ளே பிஸ்டனும் அசைகிறது. சூடான இயந்திரத்தில் மிச்சமிருக்கும் பெற்றோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். மின்கல இயந்திரம் என்றால் மின்கலத்தை முற்றாக வெளியே எடுங்கள். மின்வயரில் ஓடுவது என்றால் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள்.

இதை மட்டும் அலட்சியப்படுத்துபவர்களோடு எனக்குப் பொறுமை கிடையாது. சுமார் 53 சென்ரிமீற்றர் நீளமான பிளேட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 தடவை சுழல்கிறது. கணக்குப் போட்டால் அதன் நுனி மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. விபத்து நடந்துவிட்டால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள்.

அடியைப் பார்க்க இயந்திரத்தை எந்தப் பக்கம் சரிக்க வேண்டும்?

காற்று வடிகட்டியும் காபரேற்றரும் மேலே வரும் பக்கமாக. மாறிச் சரித்தால் ஒயில் வடிகட்டிக்குள் போய் ஊறிவிடும். பிறகு கிளப்பும்போது வெள்ளைப் புகை கக்கும், அல்லது கிளம்பவே கிளம்பாது. சரிக்க முன் தாங்கியில் உள்ள பெற்றோலை வடித்துவிடுவது நல்லது.

பிளேட் வளைந்திருக்கிறதா, சில்லு உயரம் மாறியிருக்கிறதா என்பதை எப்படி அளப்பது?

முதலில் மட்டமான நிலம் வேண்டும். வீட்டு விறாந்தையில் வைத்து அளக்காதீர்கள். மழைத்தண்ணீர் ஓடுவதற்காக மேசன்மார் அதை வாட்டமாகப் போட்டிருப்பார்கள். மண்டபத்தின் உட்பகுதி, வகுப்பறைச் சீமெந்துத் தரை நல்லவை. சந்தேகமிருந்தால் ரசமட்டத்தை நெடுக்கும் குறுக்கும் வைத்துப் பாருங்கள்.

இயந்திரத்தை நான்கு சில்லிலும் நிற்க வையுங்கள். பிளக் வயர் கழற்றியாகிவிட்டதா என்று இன்னொரு தடவை பாருங்கள். புல்லை வெளியே வீசும் வாயருகே கூட்டின் விளிம்பில் வெண்கட்டியால் ஓர் அடையாளம் போடுங்கள். தடியால் பிளேட்டைத் திருப்பி அதன் ஒரு நுனியை அந்த அடையாளத்துக்கு நேரே கொண்டுவந்து, நிலத்திலிருந்து வெட்டு விளிம்பு எவ்வளவு உயரம் என்று அடிமட்டத்தால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிளேட்டை அரைச் சுற்றுத் திருப்புங்கள். இப்போது மற்ற நுனி அதே அடையாளத்துக்கு நேரே நிற்கும். அதையும் அளவுங்கள்.

ஒரே இடத்தில் இரண்டு நுனிகளுக்கும் இடையே 3 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிளேட் வளைந்திருக்கிறது, அல்லது அதைத் தாங்கும் தண்டு வளைந்திருக்கிறது. சில்லை எவ்வளவுதான் ஏற்றி இறக்கினாலும் இது சரிவராது.

இரண்டு நுனியும் ஒரே உயரத்தில் இருந்தால் பிளேட்டை விட்டுவிடுங்கள். இனி ஒரே நுனியை எடுத்துக்கொண்டு முன், பின், இடம், வலம் என நான்கு திசையிலும் நிறுத்தி அளக்க வேண்டும். இடத்துக்கும் வலத்துக்கும் வித்தியாசம் வந்தால் சில்லிலோ கூட்டிலோதான் கோளாறு. படிக்கட்டு போல வெட்டுப்படும் மைதானங்களின் பிழை பெரும்பாலும் இந்த இரண்டாவது அளவையில் அகப்படும்.

வளைந்தது பிளேட்டா, தண்டா? எப்படிப் பிரித்தறிவது?

தாழ்ந்து நின்ற நுனிக்கு ஒரு வெண்கட்டிக் கோடு போடுங்கள். தண்டின் எந்தப் பக்கத்துக்கு நேரே அது நின்றது என்பதையும் தண்டிலே குறித்துக்கொள்ளுங்கள். பிளேட்டைக் கழற்றி, தண்டை அசைக்காமல், பிளேட்டை மட்டும் அரைச் சுற்று மாற்றிப் பூட்டி மறுபடி அளவுங்கள். கோடு போட்ட நுனியே இப்போதும் தாழ்ந்து நின்றால் வளைந்தது பிளேட். தாழ்வு மற்ற நுனிக்கு மாறி, தண்டில் குறித்த பக்கத்திலேயே நின்றுவிட்டால் வளைந்தது தண்டு.

பிளேட் என்றால் புதிது வாங்கிப் போடலாம். தண்டு என்பது இயந்திரத்தின் கிராங் தண்டின் கீழ்முனை. அது வளைந்தால் செலவு பெரிது. பழைய இயந்திரம் என்றால், திருத்தும் கூலியையும் இன்னொன்று வாங்கும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வளைந்த பிளேட்டைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்தலாமா? வெடிப்பை வெல்டிங் செய்யலாமா? லொறி வில்லுத் தகட்டில் ஒன்று செய்து போட்டால் என்ன?

மூன்றுக்கும் பதில் "கூடாது" என்பதுதான்.

பிளேட் இரும்புக்குத் தொழிற்சாலையில் ஒரு பதம் ஏற்றியிருக்கிறார்கள். வளைந்த இடத்தில் அந்த இரும்பு ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறது. அடித்து நிமிர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். நெருப்பில் காய்ச்சி நிமிர்த்தினால் பதம் போய்விடும். வெல்டிங் சூடும் இதையே செய்யும். லொறி வில்லுத் தகடு நல்ல உருக்குத்தான். கத்திக்கும் கோடரிக்கும் எங்கள் கொல்லர்கள் அதைத் தேடித்தான் வாங்குகிறார்கள். ஆனால் மிகக் கடினமான உருக்கு கல்லில் பட்டால் வளையாது, உடையும். உடைந்த துண்டு முன்னே சொன்ன வேகத்தில் யாருடைய காலைத் தேடிப் போகும் என்று சொல்ல முடியாது. தள்ளுபவரின் கால்தான் அதற்கு மிகக் கிட்ட இருக்கிறது.

சில்லுகளின் உயரத்தை எப்படிச் சரிசெய்வது?

சில இயந்திரங்களில் ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனி நெம்பு இருக்கும். நான்கும் ஒரே பல்லில் நிற்கின்றனவா என்று பாருங்கள். இது சிறுபிள்ளைத்தனமான யோசனையாகத் தோன்றலாம். ஆனால் மூன்று சில்லு மூன்றாம் பல்லிலும் ஒன்று நான்காம் பல்லிலும் நிற்க, மைதானத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருபவர்கள் உண்டு. பிள்ளைகள் விளையாட்டாகத் தட்டிவிட்டாலும் மாறிவிடும்.

பல்லெல்லாம் சரியாக இருந்தும் அளவு மாறினால் சில்லைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அச்சு ஓட்டை தேய்ந்து ஆட்டம் கொடுத்திருக்கும், அல்லது நெம்பைத் தாங்கும் தகடு வளைந்திருக்கும். பிளாஸ்டிக் சில்லின் நடு ஓட்டை கிரவல் தரையில் ஓடி ஓடி நீள்வட்டமாகிவிடுகிறது. மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்துச் செம்மண் கிரவலில் ஓடிய இயந்திரங்களில் இதை அடிக்கடி காண்கிறோம். சில்லை மாற்றுவதுதான் வழி. நல்ல நிலையில் உள்ள முன்சில்லைப் பின்னுக்கும் பின்சில்லை முன்னுக்கும் மாற்றிச் சமாளிப்பது இரண்டு மாதத் தீர்வுதான்.

இடப்பக்கமும் வலப்பக்கமும் கட்டாயம் ஒரே உயரமாக இருக்க வேண்டும். முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சற்றுத் தாழ்ந்து, 3 மில்லிமீற்றர் அளவு, நின்றால் பிழையில்லை. பின்பக்கம் தாழ்ந்தால்தான் தொல்லை. வெட்டிய புல்லைப் பின்நுனி இன்னொருமுறை உரசிக்கொண்டு போகும், தள்ளவும் பாரமாக இருக்கும்.

ஏறி ஓட்டும் பெரிய இயந்திரத்துக்கும் இதே முறைதானா?

அடிப்படை ஒன்று. ஆனால் தொடங்க வேண்டியது ரயரில். எங்கள் பக்கத்து வளவுகளில் நெருஞ்சி இல்லாத இடம் அருமை. ஒரு முள் ஏறி மெல்ல மெல்லக் காற்றுப் போய்க்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு பக்க ரயர் தளர்ந்தால் அந்தப் பக்கக் கூடு முழுவதும் இறங்கிவிடும். ஆகவே நான்கு ரயரின் காற்றமுக்கத்தையும் கையேட்டில் சொல்லியபடி சரிசெய்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். காற்றுப் பார்க்காமல் கூட்டைத் திருகிச் சரிசெய்தால், பிறகு ரயருக்குக் காற்று அடிக்கும் அன்று எல்லாம் மறுபக்கம் சாய்ந்துவிடும்.

பிறகு பிளேட்களை வண்டிக்குக் குறுக்காகத் திருப்பி நிறுத்தி, இடது கோடி நுனியையும் வலது கோடி நுனியையும் அளவுங்கள். 3 மில்லிமீற்றருக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கூட்டைத் தூக்கிப் பிடிக்கும் கம்பியில் உள்ள நட்டைத் திருப்பி ஒரு பக்கத்தை ஏற்ற வேண்டும். அடுத்து, பிளேட்களை நெடுக்காகத் திருப்பி முன்நுனியையும் பின்நுனியையும் அளவுங்கள். முன்நுனி 3 முதல் 6 மில்லிமீற்றர் வரை தாழ்ந்திருப்பது பொதுவான கணக்கு. இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது. ரயர், பக்கவாட்டு மட்டம், பிறகு முன்பின் சரிவு.

இரண்டு மூன்று பிளேட் உள்ள கூட்டில் ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவதையும் தவிருங்கள். புதியதும் தேய்ந்ததும் ஒரே நீளமாக இருக்காது. இடையில் ஒரு கோடு வெட்டுப்படாமல் நிற்கும்.

பிளேட்டைக் கழற்றிக் கூராக்குவது எப்படி? எவ்வளவு கூர் வேண்டும்?

நிலத்தைப் பார்க்கும் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். சுழலாமலிருக்கக் கூட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே ஒரு மரக்கட்டையைச் செருகிக்கொண்டு, போல்ட்டை வழமைபோல இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். துருப்பிடித்து இறுகியிருந்தால் மண்ணெண்ணெய் அல்லது துருநீக்கி விட்டு அரை மணி நேரம் பொறுங்கள். பிளேட்டைக் காலால் மிதித்துப் பிடிக்க வேண்டாம்.

வெட்டு விளிம்பு மேற்பக்கத்தில் மட்டும் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். அந்தச் சரிவைத்தான் பின்பற்ற வேண்டும். பொதுவாக 30 பாகையை ஒட்டியிருக்கும், பாகைமானி தேவையில்லை. பழைய சரிவின் மேலே அரத்தைப் படியவைத்தால் கோணம் தானாக வரும். அடிப்பக்கத்தில் அரம் படவே கூடாது. ஒரு திசையில் மட்டும் அராவுங்கள், இரண்டு நுனிக்கும் இழுவைகளை எண்ணிச் சமமாகக் கொடுங்கள்.

சவரக்கத்திக் கூர் வேண்டாம். அவ்வளவு மெல்லிய விளிம்பு முதல் கல்லிலேயே மடிந்துவிடும். விளிம்பு அரை மில்லிமீற்றர் தடிப்பில் நின்றால் போதும். வெண்ணெய்க் கத்தி அளவுக்கூர் என்று சொன்னால் சிலர் நம்புவதில்லை. வெட்டுவது பாதிக்குமேல் வேகம்தான்.

பட்டறையில் கிரைண்டரில் கொடுத்தால், அவசரக்காரத் தம்பிமாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இடையிடையே தண்ணீரில் தோய்த்துத்தான் தீட்ட வேண்டும். விளிம்பில் நீலம் ஏறிவிட்டால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது. பார்க்கக் கூராக இருக்கும், இரண்டு நாளில் மழுங்கிவிடும்.

எதிலாவது பட்டு விளிம்பில் ஆழமான பல் விழுந்திருந்தால், அந்தப் பல் மறையும் வரை முழு விளிம்பையும் தேய்க்க வேண்டாம். விளிம்பைக் கூராக்கிவிட்டுச் சிறு பல்லை அப்படியே விடலாம். பல்லின் அடியிலிருந்து மயிரிழை போல வெடிப்பு ஓடியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். வெடிப்பு இருந்தால் பிளேட் பழைய இரும்புக்காரருக்கு.

ஆணியில் தொங்கவிட்டுப் பார்ப்பது எதற்கு?

சுவரில் ஓர் ஆணியைப் படுக்கையாக அடித்து, பிளேட்டை நடு ஓட்டையால் அதில் கோர்த்துத் தொங்கவிடுங்கள். கையை எடுத்ததும் பிளேட் கிடையாக நின்றால் இரண்டு பக்கமும் ஒரே பாரம். ஒரு பக்கம் சரிந்தால் அந்தப் பக்கம் பாரம் கூட. அங்கே சற்றுத் தேய்த்து, மறுபடி தொங்கவிட்டு, கிடையாக நிற்கும் வரை செய்யுங்கள். தொங்கவிடுவதற்கு முன் காய்ந்த புல்லையும் சேற்றையும் கம்பித் தூரிகையால் முற்றாகச் சுரண்டிவிட வேண்டும். ஒட்டிய சேறே சில வேளை பிளேட்டைச் சரிக்கப் போதும். நடு ஓட்டை நட்சத்திர வடிவமாக இருந்தால் ஆணி ஏமாற்றும். அப்போது கூம்பு வடிவச் சமன்பார்க்கும் கருவி நல்லது. ஹாட்வெயார் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

பாரம் ஒவ்வாத பிளேட் வெட்டைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. கைப்பிடி கை மரக்கும்படி அதிரும், போல்ட்கள் தாமே தளரும், கூட்டில் வெடிப்பு விழும், பெயாரிங் போகும். புதிதாகச் சாணை பிடித்த அன்று அதிர்வு தொடங்கினால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

திரும்ப மாட்டும்போது எது மேல், எது கீழ்?

பிளேட்டின் வெட்டு விளிம்புக்குப் பின்னால் வளைந்து நிற்கும் செட்டை கூட்டைப் பார்த்து மேல்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் இயந்திரம் உறுமும், புல் வெட்டுப்படாது. குழிந்த வொஷர் இருந்தால் அதன் குழிந்த பக்கம் பிளேட்டை நோக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது கையேட்டில் நியூட்டன் மீற்றரில் எழுதப்பட்டிருக்கும். அதன்படி, இறுக்கத்தை அளந்து காட்டும் அளவுச் சாவியால் இறுக்குவது உத்தமம். முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை நிறுத்தி, வயரைக் கழற்றி, இறுக்கம் நிற்கிறதா என்று பாருங்கள்.

முல்லைத்தீவுக் கரையோரம் எங்கள் மைதானம் முழுவதும் மணல். புதிய பிளேட் ஒரு மாரிகூட நிற்பதில்லை. ஏன்?

செட்டையின் வேலை காற்றை மேலே இழுத்துப் புல்லை நிமிர்த்தி வைப்பது. நிமிர்ந்த புல்தான் சமமாக வெட்டுப்படும். மணல் நிலத்தில் அந்தக் காற்று மணலையும் சேர்த்து உறிஞ்சுகிறது. ஒவ்வொரு மணியும் செட்டையின் அடியை அராவுகிறது. நாள் போக, செட்டை எழும்பும் மடிப்பில் இரும்பு தகரம் போல மெலியும், பிறகு நீளமான ஒரு வெட்டு விழும், இறுதியில் செட்டை பிய்ந்து பறக்கும். விளிம்பு இன்னும் கூராக இருப்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை.

அதனால் கரையோரத்தில் விளிம்பைவிடச் செட்டையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மடிப்பின் தடிப்பு பிளேட்டின் மற்றைய இடத்தில் உள்ளதில் பாதியாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். புல் சிலுப்பிக்கொண்டு மிச்சம் நிற்கத் தொடங்கினால் அதுவும் செட்டை தேய்ந்ததற்கான அறிகுறி. உங்கள் இயந்திரத்துக்குச் செட்டை தாழ்ந்த பிளேட் கிடைக்குமென்றால் மணலுக்கு அதுவே ஏற்றது, உறிஞ்சுவது குறைவு. வெட்டும் உயரத்தை ஒரு பல் ஏற்றுவதும், மண் சற்று ஈரமாக இருக்கும்போது வெட்டுவதும் பிளேட்டின் ஆயுளைக் கூட்டும்.

பிளேட்டில் அடிக்கடி இரும்புத் துண்டுகள் படுகின்றன. என்ன செய்வது?

இது எங்கள் மண்ணுக்கே உரிய கேள்வி. இயந்திரத்தோடு வரும் எந்தக் கையேட்டிலும் இதற்குப் பதில் இல்லை. 2009 வரை நடந்த போரின் இரும்பு இன்னும் நிலத்துக்குள் இருக்கிறது. எறிகணைச் சிதறல், முட்கம்பி, தற்காலிகக் கொட்டில்களின் தகரம், ஆணி என மழை ஒவ்வொரு மாரியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி மேலே கொண்டுவருகிறது. புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து வரும் பிளேட்களில் உள்ள பற்களைப் பார்த்தாலே கல் பட்டதா இரும்பு பட்டதா என்று தெரியும். கல் விளிம்பை மொட்டையாக நசுக்கும். இரும்பு கூரான முக்கோணப் பல்லாக வெட்டியெடுக்கும்.

வெட்டுவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் மைதானத்தை நடந்து பாருங்கள். ஆனால் மிதிவெடி அகற்றப்பட்டுப் பாவனைக்குக் கையளிக்கப்பட்ட நிலத்தில் மட்டும். அகற்றப்படாத நிலத்தில், எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடத்தில், புல்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுபோய் "துப்புரவாக்க" நினைக்கவே கூடாது. அகற்றப்பட்ட நிலத்திலும் வெடிபொருள் போன்ற ஏதாவது கண்ணில் பட்டால் தொட வேண்டாம், தடியால் தட்டிப் பார்க்க வேண்டாம். இயந்திரத்தை நிறுத்தி, வந்த சுவட்டிலேயே திரும்பி, மற்றவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பொலிஸாருக்கு 119 இலக்கத்தில் அறிவியுங்கள். கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். அன்று புல் வெட்டுவது அதோடு முடிந்தது.

கட்டையில் அடித்து இயந்திரம் பொத்தென்று நின்றுவிட்டது. பிறகு கிளம்பவில்லை.

கயிற்றை இழுக்கும்போது கையைப் பின்னுக்கு வெட்டி இழுக்கிறதா? ஃபிளைவீல் எனும் பாரச் சக்கரத்தைத் தண்டோடு பிடித்து வைத்திருக்கும் சிறு ஆப்பு அறுந்திருக்கலாம். தண்டு தப்புவதற்காகத்தான் அதை மெல்லிய உலோகத்தில் செய்திருக்கிறார்கள், ஆகவே அது அறுந்தால் வருத்தப்பட வேண்டாம். அதை மாற்றியபின் கட்டாயம் பிளேட்டையும் தண்டையும் மேலே சொன்னபடி அளந்து பாருங்கள்.

எல்லாம் அளந்துவிட்டோம், எல்லாம் சரி. ஆனாலும் வெட்டு சீராக இல்லை.

கூட்டின் உட்பக்கத்தைப் பாருங்கள். ஈரப்புல் அப்பி அப்பிக் காய்ந்து இரண்டு விரல் தடிப்பில் நின்றால் காற்று சுழல இடமில்லை. மரத்தகட்டால் சுரண்டுங்கள். பிறகு உங்கள் நடையைப் பாருங்கள். மாரியில் அடர்ந்த கோரைக்குள்ளே கோடை நடை நடந்தால் பிளேட்டுக்கு நேரம் போதாது. இயந்திரத்தின் சத்தம் இறங்கினால் நீங்கள் வேகமாகத் தள்ளுகிறீர்கள்.

முழங்கால் உயரம் வளரவிட்டு ஒரே வெட்டில் மைதானமாக்க முயல்வதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றிலொன்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. மெய்வல்லுநர் போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது அதிபர் சேர் கூப்பிட்டு அனுப்பினால் இயந்திரம் என்ன செய்யும்? மூன்று கிழமைக்கு முன் தொடங்கி, உயரத்தைப் படிப்படியாக இறக்குங்கள். ஒவ்வொரு தடவையும் திசையையும் மாற்றுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கூராக்க வேண்டும்?

25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்பது பொதுக்கணக்கு. கிரவலிலும் மணலிலும் அதற்கு முன்பே வேண்டிவரும். வைகாசிக்குப் பிறகு புல் காய்ந்துவிடுவதால் இங்கே நான்கைந்து மாதம் இயந்திரம் சும்மா நிற்கும். மூடி வைக்கும்போது கூராக்கி, எண்ணெய் தடவி வைப்பவருக்கு ஐப்பசியில் வரிசையில் நிற்கும் வேலை இல்லை.

ஒரே இயந்திரத்தைப் பல இடங்களுக்கு வாடகைக்குக் கொண்டுபோகிறோம். கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

பார்த்தீனியம். கூட்டில் ஒட்டிய புல்லோடு அதன் விதையும் அடுத்த வளவுக்குப் போகும். ஓரிடத்தில் முடித்ததும் கூட்டை அங்கேயே கழுவிவிட்டுப் புறப்படுங்கள். பார்த்தீனியத்தை இயந்திரத்தால் வெட்டாமல், பூப்பதற்கு முன் கையுறையோடு வேரோடு பிடுங்குவதுதான் முறை. அதன் தூசு பலருக்கு மூச்சுக்கும் தோலுக்கும் ஒத்துக்கொள்வதில்லை.

தோளில் மாட்டும் இயந்திரத்தால் சமமாக வெட்ட முடியாதா?

கை பழகியவர் ஓரளவு வெட்டுவார். ஆனால் அதில் உயரத்தைத் தீர்மானிப்பது சில்லு அல்ல, உங்கள் தோள். வேலியோரம், கல்லறைகளின் இடைவெளி, வரம்பு ஆகியவற்றுக்கு அது சிறந்தது, மைதானத்துக்கு அல்ல.

கிரிக்கெட் ஆடுகளத்துக்கு உருளை இயந்திரம் வைத்திருக்கிறோம். அதை எப்படிச் சோதிப்பது?

அது கத்தரிக்கோல் முறையில் வெட்டுவது. சுழலும் உருளையில் உள்ள அலகுகள், அசையாமல் நிற்கும் ஒரு நேர் அலகின் மேல் உரசியும் உரசாமலும் போக வேண்டும். ஒரு தாள் துண்டை இரண்டுக்கும் இடையே பிடித்து, கையுறையோடு உருளையைக் கையால் மெல்லத் திருப்புங்கள். இடது கோடி, நடு, வலது கோடி மூன்றிலும் தாள் சுத்தமாக வெட்டுப்பட வேண்டும். ஒரு கோடியில் வெட்டி மறுகோடியில் மடங்கினால், மடங்கும் பக்கத்துத் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பி நெருக்குங்கள். அளவுக்கு மிஞ்சி நெருக்கினால் உருளை கிரீச்சிடும், இரண்டு அலகும் ஒன்றையொன்று தின்னும். நெருக்கியும் நடுவில் தாள் மடங்கினால் அலகு தேய்ந்துவிட்டது. உருளையைப் பின்னோக்கிச் சுழற்றி, தேய்ப்புப் பசை பூசித் தீட்டிப் பார்க்கலாம். அதற்கும் படியாவிட்டால் கடைசல் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அரத்தை எடுத்துக்கொண்டு நீங்களே தொடங்க வேண்டாம்.